வழியில் வரும் சரக்கு

மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக வகுப்பறை. பனிக்கால வெயில் மேசைகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. சரக்கு மேலாண்மை படிக்கும் முதுகலை மாணவர்கள் மேசைக்கு மேசை ஒரே விளையாட்டை ஆடுகிறார்கள். ஒருவர் கடை, ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் ஆலை. பிளாஸ்டிக் வில்லைகள்தான் சரக்குப் பெட்டிகள். கேட்ட சரக்கு சில சுற்றுகள் கழித்தே வந்து சேரும்; கையில் தேங்கினாலும் தட்டுப்பட்டாலும் புள்ளி குறையும். வெல்லும் மேசைக்குத் துறைமுகத்தில் கோடைப் பயிற்சி கிடைக்கும். கடையில் கேட்கப்படும் சரக்கு திடீரென்று கூடியதும் எங்கும் பதற்றம். எத்தனை பெட்டி வேண்டும் என்று துண்டுத்தாள்களில் எழுதும் எண்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. மொத்த வியாபாரியான தக்ஷினியின் முன்னால் ஒரு வில்லைகூட இல்லை. கடைக்காரனான சாம்பவன் அவள் பக்கம் குனிகிறான்.

"தக்ஷினி, கூட்டி எழுதும். எல்லாரும் இரட்டிப்பாய்க் கேக்கினம்."

"நான் முதல்லயே கூட்டிக் கேட்டது வந்துகொண்டிருக்குது. வழியில வாற சாமானைத் திருப்பியும் கேட்டால் பேந்து எங்க அடுக்கிறது?"

"வராட்டி?"

"வரும்."

கடையில் விற்கும் அளவை மட்டும் எழுதி ஆலைக்காரியிடம் நீட்டுகிறாள். மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்த சுற்றில் ஆலையிலிருந்து வில்லைகள் சலசலவென்று சறுக்கி வருகின்றன. சாம்பவனுக்குச் சேரவேண்டியதை அவள் அப்படியே தள்ளிவிடுகிறாள். பக்கத்து மேசையில் குவிந்த வில்லைகள் சரிந்து தரையில் உருண்டோட, ஒருவன் குனிந்து பொறுக்குகிறான். தக்ஷினியின் முன்னால் வெயில் மட்டும் விழுந்திருக்கிறது.

"துறைமுகத்தில காத்து சரியான குளிராம்," என்கிறான் சாம்பவன்.

"கோடையிலதானே போறம்," என்கிறாள் அவள், அடுத்த தாளை இழுத்தபடி.