பதினோராவது தடவை

விழுந்துவிட்டான்.

முதல் முழங்கை தாடையில் இறங்கியது. அடுத்தது விலாவில். யார் இடித்தது என்று பார்ப்பதற்குள் சிமெண்டுத் தரை கன்னத்தில் மோதியது.

வெட்ட வந்தவனுக்கு இந்த அடி போதாதுதான்.

மூடிக் கிடந்த நூல் மில்லின் குடோன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. தகரக் கூரை கொதிக்கிறது. டிரம்ஸ் சத்தத்துக்கு இருநூறு பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இடித்துக் குதிக்கிறார்கள். ஸ்பீக்கரைக்கூட அவர்களேதான் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மரப் பெட்டிகளை அடுக்கி ஒரு மேடை. அதன் மேல் பாடிக்கொண்டு மேகலா.

அவனுடைய தங்கை. வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம்.

போன வாரம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டுபிடித்தான். நேரில் இல்லை. பக்கத்தில் நின்ற காலேஜ் பையனின் போனில்.

"நம்ம ஊருப் பாட்டுங்ணா. சும்மா கேட்டுப் பாருங்க."

சம்மதம் கேட்காமலேயே பையன் இயர்போனை இவன் காதில் திணித்தான். புதுப் பாட்டுப் பைத்தியங்கள் இப்படித்தான். கண்டவன் காதையும் விடாது.

முதலில் குரல் தெரிந்தது. பிறகு வார்த்தை தெரிந்தது.

இனிப் பாடுவியா?

அது அவன் வார்த்தை. பெல்ட்டை வீசிய ஒவ்வொரு தடவையும் அவளிடம் கேட்டது. பதினொரு தடவை. எண்ணி வைத்திருக்கிறாள், கிராதகி. பாட்டிலும் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் 'பாடுவேன்' என்று பதில் வேறு.

பையன் கண்ணை மூடித் தலையாட்டினான். இன்னும் எத்தனை போன்களில் தன் மானம் போகிறதோ என்று இவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் பாடும் நாளையும் இடத்தையும் அந்தப் பையனேதான் சொன்னான். இன்று சட்டைக்குள், இடுப்பில், கத்தி. அவளுக்கு.

கையை ஊன்றி எழப் பார்த்தான். ஒரு பூட்ஸ் விரல்களை மிதித்தது. மிதித்தே கொன்றுவிடுவார்கள் என்று நிஜமாகவே பயந்தான்.

அக்குளில் ஒரு கை நுழைந்தது. பிறகு ஆறேழு கைகள்.

"அண்ணா விழுந்துட்டாரு! தள்ளுங்கடா!"

அத்தனை வெறியும் சட்டென்று விலகி வட்டமாக இடம் விட்டது. தூக்கி நிறுத்தினார்கள். மூக்கில் ரத்தம். மூக்குத்தி போட்ட ஒரு பெண் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"அடி பலமாங்ணா? ஓரமா நிக்கறீங்களா?"

இடிப்பதும் இவர்கள்தான், எடுப்பதும் இவர்கள்தான். என்ன ஜென்மங்களோ.

சட்டைக்குள் கை விட்டான்.

கத்தி இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கீழே எது கிடந்தாலும், செருப்போ மூக்குக்கண்ணாடியோ, எடுத்தவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். உரியவர் வந்து வாங்கும்வரை கையை இறக்கக் கூடாது.

"யாருதுங்க இது?"

கறுப்புப் பனியன் போட்ட ஒரு தடியன் தூக்கிக் காட்டினான். தூக்கிய பிறகுதான் என்னவென்று பார்த்தான்.

டிரம்ஸ் நின்றது.

ஒரு சாண் நீளம். பிடியில் பச்சை ஒயர். கூடை பின்னி மிஞ்சியதில் அம்மா சுற்றியது.

யாரும் அசையவில்லை. ஆனாலும் தடியன் கையை இறக்கவில்லை.

மேகலா மேடையிலிருந்து அந்தப் பச்சை ஒயரைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ரத்தம் வடியும் ஒரு மூக்கில் அவள் பார்வை வந்து நின்றது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருநூறு பேர். அவன் எலும்பைப் பொறுக்கத்தான் ஆள் வர வேண்டும்.

"என்னுதுங்க," என்றாள் மைக்கில். "எங்க வீட்டுக் கத்தி. இப்படிக் குடுங்க."

கைமாறிக் கைமாறி, தலைகளுக்கு மேலேயே கத்தி போனது. வாங்கினாள். ஸ்பீக்கர் மேல் வைத்தாள்.

"முதல்ல இருந்து."

மறுபடி இடி. மறுபடி குதி. யாரோ தோளில் கை போட்டு அவனையும் உள்ளே இழுத்தார்கள். இருநூறு வாய்கள் அவன் கேள்வியை அவன் காதிலேயே கத்தின. இனிப் பாடுவியா? மேடையில் அவள் பாடுவேன் என்றாள். இனிப் பாடுவியா? பாடுவேன். ஒவ்வொரு தடவையும் அவன் முதுகு தானாகச் சுருங்கியது.

பத்து முடிந்தது.

அவள் கையைக் காட்டினாள். கூட்டம் அடங்கியது. மைக்கைக் கழற்றி நேராக அவனை நோக்கி நீட்டினாள்.

"சொல்லுங்ணா," என்று மூக்குத்திக்காரி முழங்கையால் இடித்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கு."

அவன் கை இடுப்புக்குப் போனது. அங்கே பெல்ட்தான் இருந்தது. அதே பெல்ட்.

நீட்டிய கையை மேகலா இறக்கவில்லை.