உதறிய வால்

மத்தியான வெயில் தளி மாட்டாஸ்பத்திரியின் ஜன்னல் வழியாக இறங்கி, மேசைமேல் இருக்கும் கண்ணாடி டம்ளரில் நிற்கிறது. டாக்டர் கேட்டதால் பூவம்மாள் ஏரியிலிருந்து கொண்டுவந்த நத்தை, டம்ளர் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. சினைமாட்டுக்குத் தாடை வீங்கியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் பிரியா சொன்னபடி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிகிறாள். வெளிச்ச வட்டத்துக்குள், நத்தையிலிருந்து வெளிவந்த புழுக்கள் சாட்டை மாதிரி வாலைச் சொடுக்கி நீந்துகின்றன. ஒன்று மட்டும் கண்ணாடியில் ஒட்டி, வாலை உதறிவிட்டு, உருண்டையாக அடங்குகிறது. உதிர்ந்த வாலோ தனியாகத் துள்ளுகிறது. “வாலு உழுந்துடுச்சே, செத்துப்போச்சா மேடம்?” “இல்லீங்கக்கா. நீந்தற வரைக்குந்தான் அதுக்கு வாலு வேணும். இப்பிடியே ஏரிக்கரைப் புல்லுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். மாடு தின்னா, வயித்துல போயி முழிச்சுக்கும். அப்புறம் ஒடம்பெல்லாம் சதை வெச்சு, ஈரலைத் தொளைச்சுக்கிட்டே ஊரும். தாடை வீங்கறதும் அதனாலதான்.” பூவம்மாள் சட்டென்று நிமிர்கிறாள். வாசலில் மாடு கட்டியிருக்கிறது. புது இடத்தில் மிரளாமல் நிற்கட்டும் என்று, காலையில் ஏரிக்கரையில் அறுத்து வந்த புல்லைத்தான் அதன் முன்னால் போட்டிருக்கிறாள். புல்லுக்கட்டு பாதிக்குமேல் காலி. வாலால் ஈயை விரட்டியபடி மாடு நிதானமாக மெல்லுகிறது. சரக், சரக் என்கிற அந்தச் சத்தம் ஜன்னல்வரை கேட்கிறது.