ஒரு வரி கீழே

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் தலைமை எழுத்தரம்மா மட்டும் உட்கார்ந்தபடி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல அவரைச் சேர்த்துக்கிட்டதே இவங்க கைதான். பெருமை தாங்கல, பாவம்" என்று நூலகர் பக்கத்து நாற்காலியின் காதைக் கடித்தார்.

மேடையில் நின்ற சிறப்பு விருந்தினர் இதே கல்லூரியில் படித்தவர். ஆறு பாலம் கட்டிய பொறியாளர். ஆனாலும் பந்தா கிடையாது.

"எங்க வீட்ல படிக்கிறதுக்கு ஒரே ஒரு மேசை. எதிர்ப்பக்கம் உக்காந்தவங்க படிச்சாங்க. இந்தப் பக்கம் உக்காந்த நான் தூங்கினேன்" என்று அவர் சொன்னதும் மாணவர்கள் விசிலடித்தார்கள். சொந்தக் கதையைக் கேட்ட சந்தோஷம்.

முதல்வர் சும்மா இருப்பாரா? ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"இருபத்தஞ்சு வருஷப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். நுழைவுத் தேர்வு மார்க்கு சொன்னது முக்கால்வாசி பலிச்சிருக்கு. நல்ல மார்க்கோட வந்தவங்க நல்லாத்தான் படிச்சு முடிச்சிருக்காங்க. அந்தக் கணக்கை அடியோட பொய்யாக்கினது இவர் ஒருத்தர்தான். உள்ளே வரும்போது நாப்பத்தொண்ணு. வெளியே போகும்போது தங்கப் பதக்கம்!"

நாற்பத்தொன்று என்றதும் எழுத்தரம்மா அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்தார். அந்த வருடம் அறுபதுக்குக் கீழே யாருக்கும் இடம் கிடையாது. அதை ஞாபகம் வைத்திருக்க அந்த அரங்கில் வேறு யாருக்கும் அவசியமில்லை.

விழா முடிந்து, கார் வரும்வரை பொறியாளரை அலுவலக அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். எழுத்தரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளிக்கிழமையோடு அவருக்கு வேலை முடிகிறது. இந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க."

"சொல்லுங்கம்மா. உங்ககிட்ட திட்டு வாங்கித்தான் எனக்குப் பழக்கம். எத்தனை தடவை அடையாள அட்டையைத் தொலைச்சிருக்கேன்!"

எழுத்தரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். பதிவேட்டுல வரிக்குக் கீழே ஸ்கேலை வச்சு, இடம் கிடைச்சவங்க நம்பரைப் பார்த்துப் பார்த்து டைப் அடிப்போம். நடுவுல ஃபோன் அடிச்சுது. பேசிட்டு வந்து உக்காந்தேன். ஸ்கேல் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது எனக்குத் தெரியலை. எழுபத்தெட்டு மார்க்கு வாங்கினவங்களை விட்டுட்டு அடுத்த நம்பரை அடிச்சுட்டேன் சார்."

"அது என் நம்பர்" என்றார் பொறியாளர். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா சார். ஒட்டின லிஸ்ட்டுல வெறும் நம்பர்தானே? ஒருத்தரும் கவனிக்கலை. ஒரு வாரம் கழிச்சு நானே கண்டுபிடிச்சேன். அப்போ எனக்கு வேலை நிரந்தரமாகலை. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து பதிவேட்டை மூடி வச்சுட்டேன். அந்த இன்னொருத்தர் பேரைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரலை. நீங்க படிக்கிறதைப் பார்த்துப் பார்த்து மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா ஒரு பிள்ளையோட படிப்பு என் கையால போச்சே!"

அவர் கத்துவார், முதல்வரைக் கூப்பிடுவார் என்றெல்லாம் எழுத்தரம்மா எதிர்பார்த்திருந்தார். பொறியாளரோ கோப்பையை மேசைமேல் வைத்தார். யாருடைய இடம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"மார்க்கு தபால்ல வந்த அன்னைக்கே தெரியும். வந்த கவரையெல்லாம் தபால்காரர்கிட்ட நான்தான் வாங்கினேன். தனியாப் போய் உக்காந்து பிரிச்சுப் பார்த்தேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடலை."

வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு எப்படித் தங்கப் பதக்கம் ஆச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. அடுத்தவங்க இடத்துல உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சா தூக்கம் வருமா? ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தனே படிச்சேன்."

குற்றத்தில் பங்குக்கு ஓர் ஆள் கிடைத்ததில் எழுத்தரம்மாவுக்குப் பாதிப் பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. மீதியையும் இன்றைக்கே இறக்கிவிட வேண்டும் என்று பரபரத்தார்.

"பழைய விண்ணப்பமெல்லாம் பீரோவுலதான் இருக்கு சார். இப்பவே விலாசத்தைத் தேடி எடுக்கிறேன். கால்ல விழுந்தாவது அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுறேன். தனக்குப் படிப்பு வராதுன்னு நினைச்சுக்கிட்டு எங்கே என்ன வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்களோ!"

சாவிக்கொத்தோடு பீரோவை நோக்கி நடந்தவரின் கையை, ஆறு பாலம் கட்டியவர் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா... எங்க அக்காவுக்கு இன்னும் தெரியாது."