செங்கல் நிறம்

ஸ்பிரிட் விளக்கின் மேல் கம்பவுண்டர் பலராமன் கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டிருக்கிறார். நீல மருந்தில் இன்னாசிராஜின் சிறுநீர் எட்டுச் சொட்டு. நீலம் பச்சையாகிறது, மஞ்சளாகிறது, செங்கல் நிறத்தில் நின்றுவிடுகிறது. “சர்க்கரை ரொம்ப இருக்குது” என்கிறார். ஜன்னலுக்கு வெளியே மரக்காணத்து உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கின்றன. பெஞ்சில் இன்னாசிராஜ், ஆறாத குதிகால் புண்ணில் ஈ. பக்கத்தில் மனைவி ஞானமேரி. “சர்க்கரை எப்படிங்க மூத்திரத்துல வரும்?” என்கிறாள். “ரத்தத்துல ஏறிப்போச்சும்மா. கிட்னி வடிகட்டுற சர்க்கரைய திருப்பி ரத்தத்துக்கே அனுப்பிடும். அதுக்கும் ஒரு அளவு இருக்குதில்ல? பாத்தி ரொம்பினா வரப்பு மேல வழியுற மாதிரி, மிச்சம் வெளிய போவுது. தண்ணியையும் இழுத்துக்கினு போவுது. அதான் அவருக்கு அவ்ளோ தாகம்.” “உப்பளத்து வெயிலுன்னு இல்ல நெனச்சோம்! தெம்புக்குன்னு தெனம் ரெண்டு செம்பு வெல்லத் தண்ணி கரைச்சுக் குடுத்தேனே...” பலராமன் விளக்கை அணைக்கிறார். “இனிமே உப்புத் தண்ணியில கால் வைக்கக் கூடாது. வெச்சா காலே போயிடும்.” ஞானமேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொள்கிறாள். இன்னாசிராஜ் அவள் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்க்கிறார். “அட, அழுவாத. வெல்லத் தண்ணிய நான் எங்க குடிச்சேன்? நீ அந்தாண்ட போனதும் கீழ ஊத்திடுவேன்.” அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்த பிறகுதான், காலிச் செம்பை வாங்கிக்கொண்டு அவள் தினமும் உப்பளத்திலிருந்து வீடு திரும்புவாள்.