அதெல்லாம் ஒரு டீமா?

“நீலச் சட்டையா? அதெல்லாம் ஒரு டீமா?”

கேட்டது பல் டாக்டரம்மா. கேட்கப்பட்டவரோ நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்தபடி கிடந்தார்.

லாரி புக்கிங் ஆபீஸில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கால்பந்தா, மேயரா, நேற்று வந்த பாட்டா, எதைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து ரெடியாக இருக்கும். கேட்க ஆள் இல்லையென்றால் பார்சல் மூட்டைகளிடம் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஊசியைக் கண்டால் மட்டும் கோழை. சொத்தைப் பல்லோடு வந்து, இதே நாற்காலியிலிருந்து இரண்டு தடவை எழுந்து ஓடியிருக்கிறார். இப்போது கன்னம் வீங்கிச் சீழ் கோத்துவிட்டது. இன்றைக்குப் பிடுங்காவிட்டால் தாடைக்குப் பரவிவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே மனைவி காவல்.

இன்றைக்கும் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார். பேசுகிறவரைக்கும் ஊசி வராது என்று ஒரு நப்பாசை. உலகத்தில் கால்பந்து டீம் என்றால் நீலச் சட்டைதான். விரல் முறிந்த காலோடு ஃபைனல் ஆடின கேப்டனுக்குச் சிலை வைக்க வேண்டும். இந்த மேயரைப் போல இன்னொருத்தர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அந்தச் சுருட்டைமுடிப் பாடகி பாடுவதுதான் பாட்டு, மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாயைத் திறங்க” என்றார். திறந்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

“ஆ... ஆ...”

“மூடாதீங்க. உங்க கேப்டனுக்கு விரல் முறிஞ்சதை யார் பார்த்தா? சும்மா கட்டுப் போட்டுக்கிட்டு நடிச்சான்.”

“ஆஆ!”

“மேயர் ரோடு போட்டாராக்கும்? அவர் வீட்டு வாசல் வரைக்கும் போட்டார். அந்தப் பாடகி பாடறது பாட்டா? ஜலதோஷம் பிடிச்சவங்க தூக்கத்துல உளறுற மாதிரி இருக்கு.”

ரேடியோவுக்கு ரத்தம் கொதித்தது. பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. நாக்கை ஏதோ ஒரு கருவி அமுக்கிப் பிடித்திருக்கிறது. என்ன அநியாயம் இது!

“அவ்வளவுதான். பஞ்சைக் கடிச்சுக்கிட்டு வெளியே உட்காருங்க. அரை மணி நேரம் பேசக் கூடாது.”

இதைவிட ஒரு தண்டனை ரேடியோவுக்கு உண்டா?

வெளியே வந்து மனைவி பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஊசி வலிச்சுதாங்க?”

அவர் கையை உதறினார். ஊசியா இப்போது முக்கியம்? கேப்டனை அல்லவா கேவலமாகப் பேசிவிட்டாள் அந்த அம்மாள்!

அடுத்து உள்ளே போனவர் ஒரு தீயணைப்பு வீரர். வாசலை அடைத்துக்கொண்டு போகிற உடம்பு. கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அதே குரல் கேட்டது.

“நீங்களும் நீலச் சட்டையா? அதெல்லாம் ஒரு டீமா?”

ரேடியோ எழுந்துவிட்டார். இப்போது துணைக்கு ஆள் இருக்கிறது. இந்த அம்மாளை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று திரையை விலக்கினார்.

உள்ளே சண்டை எதுவும் நடக்கவில்லை. தீயணைப்பு வீரர் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பார்வை ஊசியைவிட்டு அசையவில்லை.

“உங்க கேப்டன் நடிச்சான்தானே?” என்றார் டாக்டரம்மா.

“ஆமாங்க டாக்டர். நீங்க சொன்னா சரிதான். நான் நாளைக்கு வரட்டுமா?”

டாக்டரம்மா ஊசியைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டார். அவர் குனிந்தபோது வெள்ளைக் கோட்டுக்குள் போட்டிருந்த சட்டை தெரிந்தது. நீலச் சட்டை. நெஞ்சில் கேப்டனின் நம்பர்.

ரேடியோ தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மரத்துக் கிடந்தது. ஊசி எப்போது போட்டார்கள்? பல் எப்போது போயிற்று? யோசித்து யோசித்துப் பார்த்தார். கேப்டனைத் திட்டியது மட்டும்தான் நினைவிருந்தது.

நாற்காலியில் இருந்தவர் இதோ எழுந்து ஓடப் போகிறார். அது ரேடியோவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டார். பாதி வாய் மரத்தாலும் ரேடியோ ரேடியோதான்.

“சரியாச் சொன்னீங்க டாக்டர்! அவன் ஒரு கேப்டனா? பந்து வந்தா கோல்கீப்பர் பின்னாடி போய் ஒளியற பய! ஃபைனல்ல தோத்துட்டு அழுதானே, அதுகூட வெங்காயம் தேய்ச்ச அழுகை! அவனுக்குப் போய் சிலை வைக்கணும்னு சொல்றான் பாருங்க, அவனைச் செருப்பால அடிக்கணும்!”

தீயணைப்பு வீரர் விசுக்கென்று திரும்பினார்.

“யோவ்! யாரைப் பத்தி என்ன பேசற? என் வீட்டுல அவர் படம் மாட்டி வச்சிருக்கேன்யா!”

“கழட்டிக் குப்பையில போடு!”

“நீ வெளியில நில்லு. உன் மிச்சப் பல்லை நான் பிடுங்கறேன்!”

“அவரை அப்புறம் கவனிச்சுக்கலாம், முதல்ல வாயைத் திறங்க” என்றார் டாக்டரம்மா.

ரேடியோவை முறைத்துக்கொண்டே அவர் வாயைத் திறந்தார். ஊசி போய் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தார். கோட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரேடியோ வாயே திறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. மனைவி பயந்துபோனாள்.

“என்னங்க, ரொம்ப வலிக்குதா?”

“பல்லு வலிக்கலம்மா. நம்ம கேப்டனை ஒரே ஒரு தடவை தப்பாப் பேசினதுக்கே எனக்கு நெஞ்சு இப்படி வலிக்குது. அந்த டாக்டரம்மா பாவம், தினமும் பேசறாங்களே!”