மூடிய ஆபீசில் ஒரு பேரம்

"பொட்டி ரேட்டை நானே குறைச்சுக்கிறேனுங்க சார். வேற யாருக்கும் மாத்தி மட்டும் குடுத்துராதீங்க."

சென்னம்மாள் கும்பிடாத குறையாகச் சொன்னாள். சூளகிரியில் மரப்பெட்டி அடிப்பவள். கமலக்கண்ணனின் ஓசூர் பட்டறையிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் அவள் பெட்டியில்தான் போகும். "பெரிய ஆர்டர் வருது, அடிச்சு வை" என்று அவர் சொன்னதை நம்பி அடித்த பெட்டிகள் இப்போது அவள் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்தன.

"எவ்வளவு குறைப்பே?"

சொன்னாள்.

"போதாது."

இன்னும் குறைத்தாள்.

"போதாதும்மா."

"ஆணி வாங்கக் கூடக் கட்டாதுங்க சார்" என்று முனகிக்கொண்டே இன்னும் ஒருபடி இறங்கினாள்.

கமலக்கண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ரஞ்சிதா, ரெண்டு டீ சொல்லும்மா."

சிப்காட் முழுக்கத் தெரிந்த சங்கதி அது. கமலக்கண்ணன் டீ சொல்லிவிட்டால் பேரம் படிந்துவிட்டது. அப்புறம் சாமியே இறங்கி வந்தாலும் விலை மாறாது. சென்னம்மாள் அந்த டீயைக் கஷாயம் மாதிரி குடித்துவிட்டுப் போனாள்.

"பாவம் சார் அந்தம்மா" என்றாள், ஆபீஸ் வேலை பார்க்கும் ரஞ்சிதா.

"பயந்தவன் விலையைக் குறைப்பான். அதுதான் வியாபாரம். நானா கத்தியைக் காட்டிக் குறைக்கச் சொன்னேன்?"

சவடாலாகச் சொன்னாரே தவிர, அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

அமெரிக்காவில் அரசாங்கம் நடத்தும் விண்வெளி மியூசியம் ஒன்று. மேலே போய்த் திரும்பிய விண்கலத்தைப் பார்வைக்குத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டுகள் கேட்டிருந்தார்கள். அனுப்பிய சாம்பிள் பிடித்துவிட்டது. விலையும் சொல்லியாயிற்று. அந்த ஆர்டரை நம்பி மற்ற வேலைகளை எல்லாம் கைகழுவியிருந்தார் மனிதர். அப்புறம் அங்கிருந்து மூச்சுப் பேச்சில்லை.

"அங்க கவர்மென்ட்டையே மூடிட்டாங்க சார்" என்றாள் ரஞ்சிதா. "பட்ஜெட் பாஸ் ஆகலையாம். ராக்கெட் விடற ஆபீஸ், மியூசியம் எல்லாம் பூட்டு. திறக்கற வரைக்கும் வேலை செய்யவே கூடாதுன்னு சட்டம். பாருங்க, மியூசியம் மேடத்துக்கு மெயில் போட்டா, ஆபீஸ் மூடியிருக்குன்னு தானா பதில் வருது."

"யார்கிட்ட கதை விடறாங்க? காவிரி பந்த்துன்னா அத்திப்பள்ளி பார்டர்ல பஸ் நிக்கும், சாயங்காலமானா ஓடிரும். கவர்மென்ட்டை வாரக்கணக்கா எவனாவது மூடுவானா? இது பேரம்மா, பேரம்! மௌனமா இருந்தே விலையை அடிக்கிறாங்க. இதுல எவன் முதல்ல வாயைத் திறக்கிறானோ அவன் தோத்தான்."

அப்படிச் சொன்னவருக்கு ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை. விலையைக் குறைத்து மெயில் போடச் சொன்னார். அதே தானாக வரும் பதில். தீபாவளி முடிந்ததும் இன்னும் குறைத்தார். மறுபடியும் அதே பதில். ஆளே இல்லாத ஆபீசோடு பேரம் பேசி, அதன் பூட்டிடமே தோற்றுக்கொண்டிருந்தார் கமலக்கண்ணன்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் ஒருவழியாக அங்கே திறந்தார்கள். மியூசியத்தின் கரோல் மேடம் வீடியோவில் வந்தார்.

"நீங்க முதல்ல சொன்ன விலைக்கே ஆர்டர் தர்றாங்க சார்!" என்று துள்ளினாள் ரஞ்சிதா.

மேற்கொண்டு அவள் ஏதும் உளறிவிடாமல் கண்ணாலேயே அடக்கினார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருக்கே பொறுக்கவில்லை.

"ரெண்டு தடவை குறைச்சு மெயில் போட்டோமே, பார்க்கலையான்னு கேளு."

ரஞ்சிதா கேட்டாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"ஆபீஸ் மூடியிருந்தப்ப வந்த விலையை நான் எப்படிப் பார்க்கிறதுன்னு கேக்கறாங்க சார். பயத்துல சொன்ன விலைக்கு ஸ்டாண்ட் செஞ்சா, மேல நிக்கிற விண்கலம் ஆடுமாம்."

கமலக்கண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார்.

"மூடியிருந்தப்ப அவங்களுக்குச் சம்பளம்?"

"இல்லையாம் சார். பக்கத்து வீட்டு நாய்ங்களை வாக்கிங் கூட்டிட்டுப் போய்ச் சமாளிச்சாங்களாம்."

கலெக்டர் வந்தபோதுகூட அரைமனதாக எழுந்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நாய் மேய்ச்சிருக்கு மகராசி. நான் கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னிருக்கேன். அறுக்கல பாரு!"

மறுநாள் காலையில் சென்னம்மாள் மினி லாரியில் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பில்லை நீட்டினாள்.

"இது என்ன ரேட்டு?" கமலக்கண்ணன் போட்ட சத்தத்தில் லேத்துக்காரன் எட்டிப் பார்த்தான்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "பேசுன ரேட்டுதானுங்க சார். இதுக்கு மேல குறைச்சா நான் கொட்டகையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"யார் பேசுனது? எப்ப பேசுனது?"

"தீபாவளிக்கு முன்னாடி... இதே இடத்துல நின்னு..."

"அப்ப எங்க ஆபீஸ் மூடியிருந்துச்சு! மூடின ஆபீசுல வந்து யார்கிட்ட ரேட் பேசுனே? பழைய ரேட்டைப் போட்டு பில்லைக் கொண்டா!"

சென்னம்மாள் திருதிருவென்று விழித்தாள். "மூடியிருந்துச்சுங்களா? டீயெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களே சார்!"

கமலக்கண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரஞ்சிதா! ரெண்டு டீ சொல்லும்மா."