போய்ப் பார்த்து வந்தவர்

வேனிலிருந்து இறங்கிய தையல்காரர் நேராக நிற்க முடியாமல் தகரச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரை இறக்கிவிட்ட வேன் அடுத்த முகாமுக்குக் கிளம்பிப் போனது.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தாள் மனைவி. கிளம்பும்போது மீசையை மழித்திருந்ததால் அவளுக்கே அவர் யாரோ போலிருந்தார். "பிரயாணத்துல கசகசன்னு இருக்கும்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தார்.

அகதிகள் ஊர் திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், முகாமுக்கு ஒருவரை அழைத்துப் போய் ஊரைக் காட்டுவார்கள். புது விதி அது. அவர் வந்து சொல்வதை வைத்து மற்றவர்கள் நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அவ்வளவுதான், மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள். "நானே போறேன்" என்று அடம்பிடித்துப் போனவர் இவர்தான்.

"வாயைத் திறங்க தம்பி! ஊரு எப்படி இருக்கு?" என்றாள், முகாமில் 'ரேடியோ' என்று பெயரெடுத்த அக்கா.

"யாரும் போகாதீங்க. ஊரா அது? சுடுகாடு. வீடெல்லாம் தரைமட்டம். வயல்ல கால் வெச்சா வெடிக்குது. இருட்டினா ஆளைத் தூக்கிட்டுப் போறாங்க."

ரேடியோவே வாயடைத்துப் போனது. கூட்டம் மெல்லக் கலைந்தது. கட்டி வைத்த மூட்டைகளை ஒவ்வொரு வீட்டிலும் அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

மனைவியின் அண்ணனையும் அப்படித்தான் வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஊரே காலியானது. "அவன் திரும்பி வந்தா தேடுவானே" என்று அம்மா மட்டும் அங்கேயே இருந்துவிட்டாள்.

அறைக்குள் வந்ததும் தையல்காரர் கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார்.

"வீடு போனா போகுது. அம்மா இருக்காங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"சொல்லாட்டிப் போங்க. நாளைக்கு நான் 'போறேன்'னு சொல்லப்போறேன். தனியாவே போவேன். செத்தாலும் அம்மா பக்கத்துல சாகறேன்."

அவர் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தார். "வேண்டாம்மா... இருக்காங்க. நல்லா இருக்காங்க. வீடும் அப்படியேதான் இருக்கு."

"அப்ப வெளியில சொன்னதெல்லாம்?"

"பொய்."

"முழுப் பூசணிக்காயை இப்படிச் சோத்துல மறைக்கலாமா? எத்தனை குடும்பம் நம்பிட்டுப் போகுது! அம்மாகிட்டயாவது பேசினீங்களா?"

"வேன் ஜன்னல்கிட்ட வந்தாங்க. என்னை அடையாளம் தெரியல."

"நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே? என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

அவர் அவள் கையை விட்டார்.

"'என் புள்ளையக் காட்டிக் குடுத்த மருமகன் வந்திருக்கானா'ன்னு என்கிட்டயே கேட்டாங்க."